பழைய தமிழ்ப் படங்களை வீட்டில் பார்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பழைய படமா? ஒரே இழுவை. காது கிழியும். எல்லார் முகமும் பூசணிக்காய் மாதிரி இருக்கும்." இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் தேய்ந்துபோன ஒரு பிரதியைத் தப்பான செட்டிங்கில் பார்த்தவர்கள். முகம் அகன்றதற்கு டிவி காரணம். கீச்சிடும் பாட்டுக்குப் பிரதி காரணம். கதை தாவித் தாவிப் போவதற்குக் காணாமல்போன ரீல் காரணம். பழி மட்டும் படத்தின் மேல் விழுகிறது. முதலில் இவற்றைச் சரிசெய்துவிட்டுப் பாருங்கள். அதற்கு மேலும் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் ரசனை, அதில் தவறே இல்லை.

எதைப் பழைய படம் என்கிறீர்கள்?

1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' தொடங்கி, 1977இல் '16 வயதினிலே' கேமராவை ஸ்டுடியோவிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோன காலம் வரை. அதற்குப் பிறகு வந்தவற்றிலும் அருமையான படங்கள் உண்டு. ஆனால் இங்கே பேசப்படும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த 46 ஆண்டுப் படங்களுக்கே உரியவை.

இதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

1930, 40களின் படங்களில் தொடங்காதீர்கள். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதைக் கேட்டுவிட்டு நேராக அதில் இறங்குபவர்கள் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார்கள். தியாகராஜ பாகவதரின் குரலில் காது பழகிய பிறகுதான் அந்தப் படம் திறக்கும்.

சிரிக்க வேண்டுமா, 'மிஸ்ஸியம்மா' (1955) அல்லது 'காதலிக்க நேரமில்லை' (1964). முன்னதில் வேலை கிடைக்காத இருவர் ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவி போல நடிக்கிறார்கள். வேலை தேடி அலைந்த யாருக்கும் அந்த முதல் இருபது நிமிடம் சொந்தக் கதையாகவே தெரியும். இறுக்கமான கதை வேண்டுமா, 'அந்த நாள்' (1954). போர்க்காலச் சென்னையில் ஒரு ரேடியோ இன்ஜினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார், சந்தேகத்துக்கு உரிய ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஒரு பாட்டுகூடக் கிடையாது. "பழைய படம் என்றாலே பாட்டு" என்று மறுப்பவர்களுக்கு முதலில் இதைப் போட்டுக்காட்டுங்கள். நெஞ்சை அழுத்தும் கதை வேண்டுமானால் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). ஏறக்குறைய முழுப் படமும் ஒரு மருத்துவமனைக்குள் நடக்கிறது. வின்சென்ட்டின் கேமரா அந்த வராந்தாவில் நகர்வதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

'தில்லானா மோகனாம்பா'ளை (1968) ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். சிவாஜி கணேசன் திரையில் ஊதுவதற்கு உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கன்னம் உப்புவதும் மூச்சு இழுப்பதும் வாசிப்போடு எப்படிப் பொருந்துகிறது என்று கவனிக்க, இந்த நடிப்பு முறை உங்களுக்குக் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும்.

முகங்கள் ஏன் இவ்வளவு அகலமாகத் தெரிகின்றன?

அந்தக் காலப் படச்சட்டம் ஏறக்குறைய 4:3. இன்றைய டிவி 16:9. அந்தப் படத்தை இந்த டிவியில் இழுத்து நிரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். 30 செ.மீ. உயரம் தெரியும் ஒரு சைக்கிள் சக்கரம் 40 செ.மீ. அகலத்தில் முட்டையாக உருளும்.

சந்தேகம் வந்தால் வட்டமான ஒரு பொருள் திரையில் வரும் இடத்தில் நிறுத்துங்கள். நெற்றிப் பொட்டு வேண்டாம், சிறியது, ஏமாற்றும். சைக்கிள் சக்கரம், சாப்பாட்டுத் தட்டு, சுவர்க்கடிகாரம், கிராமபோன் தட்டு எதுவானாலும் சரி, நேர் எதிரே தெரிய வேண்டும். அளவுகோலை வைத்து உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால் சரி.

சரி இல்லையென்றால் ரிமோட்டில் பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று இருப்பதில் 4:3 அல்லது ஒரிஜினலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். டிவிக்குள் இருக்கும் யூடியூப் செயலியில் பல சமயம் இந்தத் தேர்வு வேலை செய்யாது. படத்தை ஏற்றியவரே இழுத்து ஏற்றியிருந்தாலும் டிவி அதை 16:9 படம் என்றே நம்பிவிடும். அப்போது ஒரே வழி, உங்களிடம் இருக்கும் கோப்பைக் கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் போட்டு, எச்டிஎம்ஐ கம்பியால் டிவியோடு இணைப்பது. விஎல்சியில் 'ஏ' எழுத்தை அழுத்த அழுத்த விகிதம் மாறும். 4:3 வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

இழுப்பதைவிட மோசமானது ஜூம் செய்வது. முகம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் மேலும் கீழும் சேர்த்துப் படத்தின் கால் பங்கு போய்விடும். நடனக் காட்சியில் பாதம் தெரியவில்லை என்றால் இதுதான் நடந்திருக்கிறது. பரதநாட்டியத்தில் பாதத்தை வெட்டிவிட்டு எதைப் பார்ப்பது? இப்படி வெட்டி ஏற்றிய பிரதியை எந்த செட்டிங்காலும் மீட்க முடியாது, வேறு பிரதி தேடுங்கள்.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' (1973) தொடங்கி வந்த, மிக அகலமான படச்சட்டம் கொண்ட ஸ்கோப் படங்களில் கதை தலைகீழ். பழைய விசிடியில் அவற்றை 4:3க்கு அடக்கியிருந்தால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் படம் பக்கவாட்டில் போயிருக்கும். யாரோ பேசும் குரல் கேட்கும், திரையில் தூண் மட்டும் நிற்கும்.

படம் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறதே?

படத்தில் இல்லாத சட்டங்களை டிவி தானாகச் செய்து நடுவில் செருகுகிறது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர். அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதையே போடலாம். ஷார்ப்னஸைக் குறையுங்கள், ஏறினால் பிலிமின் மணல்மணலான தன்மை கொசுக்கூட்டம் போலத் துடிக்கும். கலர் டெம்பரேச்சரை வார்ம் பக்கம் வையுங்கள், கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பாயாமல் இருக்கும்.

வசனம் புரியவில்லை. சத்தம் கூட்டினால் காது வலிக்கிறது.

அந்தக் காலத்தில் ஒலி, பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிவானது. அதில் ஆழ்ந்த அதிர்வும் மிக மெல்லிய உச்ச ஒலியும் கிடையாது. நடுவில் உள்ள பேச்சு மட்டும்தான் திடமாக இருக்கும். இன்றைய டிவி அதற்கு நேர்மாறாக, அடியிலும் உச்சியிலும் ஏற்றிக் கொடுக்கிறது. அடியை ஏற்றினால் புரொஜெக்டர் உறுமல், உச்சியை ஏற்றினால் இரைச்சல். பேச்சு நடுவில் நசுங்குகிறது.

செய்ய வேண்டியது: சரவுண்ட், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சவுண்ட் மோடை ஸ்டாண்டர்டிலோ குரலைத் தெளிவாக்கும் மோடிலோ வையுங்கள். ஈக்வலைசர் இருந்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுதாக இறக்குங்கள், 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே 4 முதல் 6 டெசிபல் குறையுங்கள், 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் எம்.ஆர். ராதாவின் கரகரப்பு தகரம் கிழிவது போலாகிவிடும். டிவி ஸ்பீக்கர் சுவரைப் பார்த்து இருந்தால், தனியாக ஒரு சிறு ஸ்பீக்கரை உட்காரும்போது உங்கள் காது இருக்கும் உயரத்தில் வைத்துப் பாருங்கள். செட்டிங்கில் தலையை உடைத்துக்கொள்வதைவிட அது அதிக பலன் தரும்.

இன்னொரு விசித்திரம் உண்டு. இயர்போனில் பேச்சு கேட்கிறது, போனின் ஒற்றை ஸ்பீக்கரில் பேச்சே இல்லை, தூரத்து எதிரொலி மட்டும் வருகிறது. போன் கெட்டுப்போகவில்லை. பிரதி எடுக்கும்போது இடது வலது இரண்டில் ஒன்று தலைகீழாகப் பதிவாகிவிட்டது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். விஎல்சியில் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ மோடு, அதில் இடது மட்டும் என்று வைத்தால் குரல் திரும்பிவிடும். முழுப் படமும் ஒற்றைத் தடத்தில் எடுத்ததுதான், ஆகவே நீங்கள் எதையும் இழக்கவில்லை.

புது டிரம்ஸும் எதிரொலியும் சேர்த்து '5.1' என்று விற்கும் பிரதிகளை எங்களால் பரிந்துரைக்க முடியாது. கே.வி. மகாதேவனோ ஜி. ராமநாதனோ போட்ட இசைக்கு மேலே இன்னொருவர் தாளம் போடத் தேவையில்லை.

பாட்டு சுருதி ஏறினாற்போல இருக்கிறது. பிரமையா?

பிரமை இல்லை. பிலிம் ஒரு நொடிக்கு 24 படச்சட்டம் ஓடும். நம் நாட்டு டிவி முறை 25. டிவிக்காக மாற்றும்போது பல பிரதிகளை 25இல் அப்படியே ஓட்டிவிட்டார்கள். வேகம் 4 சதவீதம் கூடும், சுருதி ஓர் அரைச்சுரத்தில் சுமார் முக்கால் பங்கு ஏறும். சுருதி ஞானம் உள்ளவர்களுக்கு இது உறுத்தும். இரண்டரை மணி நேரப் படம் 2 மணி 24 நிமிடத்தில் முடிந்துவிடும்.

விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். அது மட்டும் போதாது. வேகம் குறைந்தாலும் சுருதி குறையாதபடி விஎல்சி பிடித்துவைத்திருக்கும். ஆடியோ செட்டிங்கில் டைம் ஸ்ட்ரெச்சிங் என்ற குறியை எடுத்துவிட்டால்தான் சுருதியும் சேர்ந்து இறங்கும்.

நான் பார்ப்பது முழுப் படமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொடக்கத்தில் இரண்டு மூன்று நொடி வந்து போகும் சென்சார் சர்டிபிகேட்டில் நிறுத்துங்கள். பலரும் தள்ளிவிட்டுப் போகும் அந்தக் காகிதத்தில்தான் விடை இருக்கிறது. படத்தின் பெயர், மொழி, தேதி இவற்றோடு எத்தனை ரீல், எவ்வளவு நீளம் என்பதும் இருக்கும், அடியிலோ மீட்டரிலோ.

35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர் ஓடும். நீளத்தை அதால் வகுத்தால் நிமிடம் வந்துவிடும். சர்டிபிகேட்டில் 16,000 அடி என்றிருந்தால் 178 நிமிடம். 4,600 மீட்டர் என்றிருந்தால் 168 நிமிடம். 25 சட்ட வேகப் பிரதி என்றால் அதை மேலும் 0.96ஆல் பெருக்குங்கள், 168 என்பது 161 ஆகும். உங்கள் கோப்பு 161 நிமிடம் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். 140தான் இருந்தால் ஏறக்குறைய இரண்டு ரீல் காணோம். ஒரு ரீல் 1,000 அடி, 11 நிமிடம்.

ஓர் எச்சரிக்கை: மறுவெளியீட்டுக்காகப் பிறகு வாங்கிய சர்டிபிகேட்டாக இருக்கலாம். தேதி படம் வந்த ஆண்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்து ஆண்டு தள்ளி இருந்தால், அந்த நீளம் அதற்குள் வெட்டுப்பட்ட நீளமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே போயிருக்கும்? பெரும்பாலும் ரீலின் முனைகளில். ஆபரேட்டர் ஒவ்வொரு காட்சிக்கும் மாட்டிக் கழற்றுவது அந்த முனைகளைத்தான், கிழிவதும் அங்கேதான். கிழிந்ததை வெட்டி ஒட்டினால் சில சட்டங்கள் போகும், ஊர் ஊராகப் போன பிரின்ட்டில் அது சேர்ந்து சேர்ந்து அரை நிமிடமாகும். திரையின் வலது மேல் மூலையில் 11 அல்லது 22 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வட்டப் புள்ளி மின்னும். ரீல் முடிய 8 நொடி இருக்கும்போது ஒன்று, 1 நொடி இருக்கும்போது இன்னொன்று. அடுத்த புரொஜெக்டரை ஓட்ட ஆபரேட்டருக்கு அதுதான் சைகை. முதல் புள்ளி வந்து இரண்டாவது வராமல் காட்சி தாவினால், அந்த இடத்தில் பிலிம் போயிருக்கிறது. கதாநாயகி ஏன் திடீரென்று அழுகிறாள் என்று இயக்குநரைக் குறை சொல்லும் முன் அந்த மூலையைப் பாருங்கள்.

கலர்ப் படம் ஒரே ரோஜா நிறமாக இருக்கிறதே?

ஈஸ்ட்மன் கலர் பிரின்ட்டில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளிறும். மிச்சம் இருப்பது சிவப்பு. வானம் ஊதாவாகும், புல் பழுப்பாகும். போன சாயத்தை டிவியால் கொண்டுவர முடியாது. கலர் அளவை பாதியாகக் குறைத்தால் கண் உறுத்தாமல் பார்க்கலாம். நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தால்தான் மீட்பு. 1964இல் வந்த 'கர்ண'னை 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோது, அந்தக் கிரீடமும் தேரும் என்ன நிறம் என்றே அதுவரை தெரியாமல் இருந்தவர்கள் தியேட்டருக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிறகு கலர் பூசுவதை நாங்கள் விரும்பவில்லை. வெளிச்சத்தையும் நிழலையும் வைத்தே யோசித்து எடுத்த படம் அது.

எல்லாரும் நாடகம் போலச் சத்தமாக நடிக்கிறார்களே?

பலர் நாடகக் கம்பெனியில் சிறு வயதிலேயே சேர்ந்து வளர்ந்தவர்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகிய குரல் அது. குரலை மட்டும் கேட்டால் மிகையாகத் தோன்றும். கண்ணையும் கையையும் பாருங்கள்.

'காதலிக்க நேரமில்லை'யில் படம் எடுக்கத் துடிக்கும் நாகேஷ், அப்பா டி.எஸ். பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை எல்லாரும் நாகேஷைத்தான் பார்ப்பார்கள். இரண்டாவது முறை நாகேஷை மறைத்துக்கொண்டு பாலையாவை மட்டும் பாருங்கள். முதலில் அலட்சியம். பிறகு முகத்தில் மெல்ல ஒரு கலவரம். கண் அகன்றுகொண்டே போகிறது, அந்தப் பணக்கார மனிதர் குழந்தை போல் பயந்துபோகிறார். கதை சொல்பவரைக் கேட்பவர் தூக்கி நிறுத்துகிறார். இது சத்தத்தால் வருவது இல்லை.

எம்ஜிஆரா சிவாஜியா?

இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் 'கூண்டுக்கிளி' (1954). அதைப் பார்த்துவிட்டு வீட்டில் வாதாடுங்கள், நல்ல பொழுதுபோக்கு. வாளும் வேகமும் வேண்டுமென்றால் ஒருவர், உடைந்த மனிதனைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொருவர். ஒருவரை ரசிப்பதால் இன்னொருவர் குறைவதில்லை.

பாட்டைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாமா?

சில இடங்களில் கதையே பாட்டில்தான் நகரும், முதல் முறை தள்ளாதீர்கள். 1950, 60களின் பாட்டு பெரும்பாலும் மூன்று மூன்றரை நிமிடம்தான், 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் கொள்ளும் அளவு அது. பின்னணிப் பாட்டு எப்படிப் பதிவானது என்று பார்க்க ஆசையா, 'சர்வர் சுந்தர'த்தில் (1964) ஒலிப்பதிவுக் கூடக் காட்சி ஒன்று உண்டு. டி.எம். சௌந்தரராஜன் பாட, எம்.எஸ். விஸ்வநாதன் வாத்தியக்காரர்களை நடத்துகிறார். பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் வேலை செய்வது கண்ணெதிரே தெரியும். அந்த முறையில் ஒரு வயலின் தப்பினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாலணா, வீசை, டிரங்கால் என்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயாபைசா. ஆகவே நாலணா 25 காசு, எட்டணா 50 காசு. ஒரு படத்தில் 'நயாபைசா' என்ற சொல் வந்தால் அது 1957க்குப் பிந்திய கதை. வீசை என்பது 40 பலம், சுமார் 1.4 கிலோ. வெங்காயத்தை வீசைக் கணக்கில் கேட்டால் கிலோ கடைக்கு வருவதற்கு முந்திய காலம்.

எஸ்எஸ்எல்சி என்றால் இன்றைய பத்தாம் வகுப்பு இல்லை, பதினோராம் ஆண்டுப் படிப்பு. அதன் பிறகு பியூசி ஓர் ஆண்டு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978இல்தான் வந்தது. இது தெரிந்தால்தான் 'எஸ்எஸ்எல்சி பாஸ்' என்று மாப்பிள்ளை வீட்டார் பெருமைப்படுவது ஏன் என்று விளங்கும். டிரங்கால் என்பது வெளியூர் போன். எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தந்தி வந்தாலே வீடு நடுங்கியதற்கு அது பெரும்பாலும் சாவுச் செய்தியைக் கொண்டுவந்ததுதான் காரணம். அந்தத் தந்தி சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. சென்னைத் தெருவில் டிராம் ஓடினால் அந்தக் காட்சி 1953க்கு முந்தியது. கொழும்புக்குப் போகிறவர் எழும்பூரில் ரயில் ஏறினால் வியக்க வேண்டாம், போட் மெயிலில் தனுஷ்கோடி போய் அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சேர்வார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

'பராசக்தி'யைப் (1952) புரிந்துகொள்ள இன்னொன்றும் தெரிய வேண்டும். அண்ணன்கள் ரங்கூனில், தங்கை மதுரையில். அது அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் உண்மை நிலை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் கப்பல் போக்குவரத்து குலைந்தது. தங்கை கல்யாணத்துக்கு எல்லா அண்ணன்களாலும் வர முடியாமல் போவது திரைக்கதைக்காகச் செய்த சௌகரியம் இல்லை.

அப்புறம் அந்த இருமல். கர்சீப்பில் ரத்தம், அடுத்த ரீலில் மரணம். காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம், பிரிவு, முடிவு என்றுதான் மக்கள் நினைத்தார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பவர்களைப் போலவே குணமாகும் என்று நிரூபித்தது. இருந்தும் திரையில் அந்தச் சிவந்த கர்சீப் வெகுகாலம் நீடித்தது.

வேலைக்குப் போகும் நாளில் மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவது?

இரண்டு இரவாகப் பிரியுங்கள். இடைவேளை வரை ஒரு நாள், மிச்சம் மறுநாள். அந்தத் திரைக்கதைகள் இடைவேளையில் ஒரு முடிச்சைப் போட்டு நிறுத்துவதற்கென்றே எழுதப்பட்டவை, நடுவில் எங்காவது நிறுத்தினால் அந்த முடிச்சு வீணாகிவிடும். சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருங்கள். தட்டைப் பார்த்துக்கொண்டே வசனத்தைக் கேட்பதில் அரைவாசி போய்விடும். துணி மடிக்க, கீரை ஆய ஏற்றது படம் இல்லை, பாட்டு. பாட்டை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு செய்யுங்கள், வேலையும் நடக்கும்.

வயதான அம்மா அப்பாவோடும் சின்னப் பிள்ளைகளோடும் பார்ப்பது எப்படி?

பெரியவர்களுக்குக் கண்புரை இருந்தால் பிரகாசத்தை ஏற்றாமல், எதிரே கூசும் விளக்கை அணையுங்கள். அவர்கள் நடுவில் பேசினால் தடுக்காதீர்கள். "இந்தப் படத்துக்கு நாங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனோம்" என்ற ஒரு வரிக்காக ஒரு காட்சியை நிறுத்திவைக்கலாம், படம் எங்கும் போகாது.

பிள்ளைகளுக்கு 'மாயா பஜார்' (1957). எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்துக்கு முன் உட்காரும் காட்சியை முதலில் தனியாகக் காட்டுங்கள். பலகாரங்கள் தாமாகப் பறந்து வாய்க்குள் போவதைப் பார்த்ததும் முழுப் படத்தையும் அவர்களே கேட்பார்கள்.

மனைவியை அறைவது, நிறத்தைக் கேலி செய்வது இதெல்லாம் வருகிறதே?

வருகிறது, தவறுதான். அறை வாங்கியவள் திருந்திக் காலில் விழுவதை நல்ல முடிவாகக் காட்டிய படங்கள் பல. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் தள்ளிவிடாமல் அங்கேயே நிறுத்தி, இது தப்பு என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். ஒளித்தால் அவர்கள் தனியாகப் பார்க்கும்போது சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

வீட்டில் பழைய விசிடிகளும் வீடியோ கேசட்டுகளும் கிடக்கின்றன. காப்பாற்ற முடியுமா?

விசிடியை முதலில் கவனியுங்கள், அதன் மேல்பூச்சு உரிந்தால் எல்லாம் போச்சு. லேபிள் பக்கம்தான் மெல்லியது, அங்கே கீறல் விழக் கூடாது. பஞ்சுத் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். தட்டுக்குள் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டரில் பெரிய 'டாட்' கோப்பு ஒன்று இருக்கும். அதைச் சாதாரணக் கோப்பு போல இழுத்துப் போட்டால் பல கணினிகளில் பிழை காட்டி நின்றுவிடும், ஏனென்றால் விசிடியில் படம் பதியும் முறையே வேறு. விசிடிகளைப் பிரித்தெடுக்கவென்றே உள்ள மென்பொருளால் எடுத்து 'எம்பிஜி'யாக வையுங்கள். மறுபடி சுருக்காதீர்கள். ஏற்கெனவே 352க்கு 288 புள்ளிதான், இன்னும் சுருக்கினால் முகத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வீடியோ கேசட்டை மாட்டும் முன் ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை இருந்தால் போடவே போடாதீர்கள், பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்து போடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும். நல்ல நாடாவானால் ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பதியத் தொடங்குங்கள். யுஎஸ்பி கேப்சர் கருவியில் 720க்கு 576 அளவில் எடுத்து, ஒரு பிரதியைக் கணினியிலும் இன்னொன்றைத் தனி ஹார்ட் டிஸ்கிலும் வையுங்கள்.

இணையத்தில் ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1964இல் வந்தவற்றுக்கு 2024 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் பாட்டின் வரிக்கும் இசைக்கும் உரிமை தனி, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை அது ஓடும்.

பரணில் பிலிம் டப்பா ஒன்று இருக்கிறது. என்ன செய்வது?

திறக்கும் முன் ஜன்னலைத் திறங்கள். பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ சிகரெட்டோ கூடாது. 1950களின் தொடக்கம் வரை வந்த பிலிம் நைட்ரேட்டாக இருக்கலாம், பற்றினால் தண்ணீரால்கூட அணைக்க முடியாது. பிசுபிசுப்பும் பழுப்புத் தூளும் இருந்தால் தொடாமல் மூடிவிடுங்கள். புளித்த காடி வாசனை அடித்தால் அது அசிடேட் பிலிம், தீ ஆபத்து குறைவு, ஆனால் அழுகத் தொடங்கிவிட்டது. அந்தப் புளிப்பு மற்ற டப்பாக்களையும் தாக்கும், தனியாகப் பிரித்து வையுங்கள்.

பரணில் விடாதீர்கள், ஓட்டுக்கு அடியில் வெயில் ஏறும். வீட்டில் குளிர்ச்சியாகவும் உலர்ந்தும் இருக்கும் அறையில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், டப்பாவைப் படுக்கை வாட்டில் வையுங்கள். வீட்டுப் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். சுருங்கிய பிலிமின் ஓட்டைகள் பல்சக்கரத்தில் பொருந்தாமல் கிழியும். டப்பா மேலும் உள் நாடாவின் ஓரத்திலும் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்து, 1964 முதல் புனேயில் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். 'காளிதா'ஸின் ஒரு பிரின்ட்கூட இன்று நம்மிடம் இல்லை. வெள்ளிக்காகவும் இடத்துக்காகவும் பிலிமை உருக்கியும் எறிந்தும் தீர்த்தோம். உங்கள் டப்பாவில் ஒரே ஒரு ரீல்தான் இருக்கிறதென்றாலும், முதலும் முடிவும் இல்லையென்றாலும், எழுதுங்கள்.